பிடியாணைக்கு வயதாவதில்லை

"சார், திருப்பூர் கோர்ட்டுல என் பேருக்கு வாரண்ட் இருக்காம். ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சு. ராத்திரியே வந்து தூக்கிருவாங்களா?"

தில்லியில் தொழில் செய்யும் தமிழ் வழக்கறிஞனுக்கு இந்தக் குரல் பழக்கமானது. மயூர் விஹாரிலிருந்து வரும், கரோல் பாகிலிருந்து வரும். நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: கையில் இருப்பது என்ன காகிதம்? பயந்துபோனவர்கள் எல்லாவற்றையும் வாரண்ட் என்றே சொல்வார்கள். சாட்சிக்கு வந்த சம்மனாக இருக்கலாம், போலீஸ் விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸாக இருக்கலாம், ஜாமீனில் விடக்கூடிய வாரண்டாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காகிதத்தைப் பார்க்காமல் சொல்லும் யோசனை ஆளைச் சிறைக்கே அனுப்பிவிடும்.

காகிதமே இல்லாவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடுவேன். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அது தெரியாவிட்டால் பெயரையும் ஆண்டையும் போட்டுப் பார்ப்பேன். கடைசி சில வாய்தாக்களில் பதிவான இரண்டொரு வரியில் பெரும்பாலும் கதை முழுவதும் இருக்கும்: சம்மன் திரும்பியது, ஆள் வரவில்லை, பிணையில்லாப் பிடியாணை. பிறகு அந்த ஊர் வழக்கறிஞரிடம் சொல்லி உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குவேன்.

தில்லியில் இப்படி மாட்டுபவர்களில் பலர் வியாபாரிகள். திருப்பூர் பனியனும் டி-சர்ட்டும் காந்தி நகர் சந்தைக்கு வருகின்றன, பணத்துக்குப் பதில் செக் போகிறது, செக் திரும்புகிறது. 2015-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, செக்கைத் தன் கணக்கில் போட்டவரின் வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு. அதனால் தில்லிக்காரர் திருப்பூருக்குப் போய் நிற்க வேண்டும். இதற்கிடையில் அவர் கடையை மாற்றியிருப்பார், வீட்டை மாற்றியிருப்பார். சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பும். முதலில் சம்மன், பிறகு ஜாமீன் வாரண்ட், கடைசியில்தான் பிணையில்லாப் பிடியாணை என்ற வரிசையை 2007-இல் உச்ச நீதிமன்றம் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் வற்புறுத்தியது. மனுவில் நான் முதலில் தேடுவது இந்த வரிசையில் விடுபட்ட படியைத்தான்.

கட்சிக்காரர் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். பிணையில்லா வாரண்ட் வந்தது குற்றத்தின் கனத்தால் அல்ல, ஆள் வராததால். ஆகவே அதற்கு மருந்தும் ஆள் வருவதுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அல்லது ஆளைப் பிடிக்கும்வரை வாரண்ட் உயிரோடிருக்கும் என்கிறது. அதற்கு முன்பிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமும் இதையே சொன்னது. பத்து வருஷம் கழித்தும் அது செல்லும். ஒளிந்திருந்தால் அடுத்து வருவது 84-ஆம் பிரிவின் அறிவிப்பு, அதன்பின் சொத்து முடக்கம். அறிவிப்புக்குப் பிறகும் வராமலிருந்தால் அதுவே தனிக் குற்றம்.

எனவே, "டிக்கெட் போடுங்கள், நீங்களாகவே போய் நில்லுங்கள்" என்பேன். ரத்து மனுவோடு வாடகை ஒப்பந்தம், மருத்துவச் சீட்டு என்று வராததற்கான காரணத்தைக் காட்டும் சான்றுகளைச் சேர்ப்போம். பொய்க் காரணம் எழுத மாட்டேன். நடுவர் அறிய விரும்புவது இரண்டு: ஏன் வரவில்லை, இனி வருவாரா? இரண்டுக்கும் நேர்மையான விடை இருந்தால் மனு பெரும்பாலும் நிற்கும். அதன்பின், ஒவ்வொரு வாய்தாவுக்கும் தில்லியிலிருந்து அலையாமலிருக்க நேர்முகத் தோற்ற விலக்குக்கும் மனுப் போடலாம்.

அதற்குள் போலீஸ் வாசலில் வந்து நின்றால்? அப்போதும் சட்டம் நடுவில் ஒருவரை நிறுத்தியிருக்கிறது. வாரண்ட் பிறப்பித்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், பிடித்த ஊரின் நிர்வாக நடுவர் அல்லது சட்டம் குறிப்பிடும் காவல் உயரதிகாரி முன் ஆளை நிறுத்த வேண்டும். பிணையில்லாக் குற்றமானாலும், அந்த எல்லையின் தலைமை நீதித்துறை நடுவரோ செஷன்ஸ் நீதிபதியோ ஜாமீன் தரலாம். வாரண்ட் இல்லாத கைது என்றால், 24 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைத்துப் பயணிக்க நடுவரிடம் டிரான்சிட் ரிமாண்ட் வாங்க வேண்டும்.

அந்த நடுவரின் வேலை முத்திரை குத்துவதல்ல. 2018 ஆகஸ்டில் புனே போலீஸ் தில்லியில் மனித உரிமைச் செயற்பாட்டாளர் கௌதம் நவ்லகாவைக் கைது செய்தது. சாகேத் நீதிமன்றம் டிரான்சிட் ரிமாண்ட் கொடுத்தது. ஆவணங்களில் பெரும்பகுதி மராத்தியில் இருந்தது. அதைப் படிக்க முடியாத நடுவர் எப்படி மனதைச் செலுத்தி உத்தரவிட்டிருக்க முடியும் என்பது தில்லி உயர் நீதிமன்றத்தில் முக்கியக் கேள்வியானது. அக்டோபர் 1 அன்று நீதிபதிகள் எஸ். முரளிதர், வினோத் கோயல் அந்த ரிமாண்டை ரத்து செய்தார்கள். தமிழில் மட்டுமே எழுதிய ஆவணங்களோடு தில்லிக்கு வரும் நம் ஊர் போலீஸுக்கும் இது பொருந்தும். 2019 டிசம்பரில் இதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், வெளிமாநிலம் போகும் போலீஸ் மொழிபெயர்ப்பை எடுத்துச் செல்ல வேண்டும், உள்ளூர் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பிடிபட்டவரை வக்கீலோடு பேச விட வேண்டும் என்று நெறி வகுத்தது.

வேறு மாநிலத்தில் முதல் தகவல் அறிக்கை மட்டும் பதிவாகியிருந்தால் இன்னொரு கதவும் உண்டு. 2023 நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, உஜ்ஜல் புயான் தந்த தீர்ப்பின்படி, தக்க காரணம் காட்டினால் இருக்கும் ஊரின் செஷன்ஸ் அல்லது உயர் நீதிமன்றமே குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் தரலாம். அது உரிய நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரும்வரை கிடைக்கும் அவகாசம் மட்டுமே. வழக்கைத் தவிர்க்கும் வழியல்ல.

ரத்து உத்தரவு வாங்கியதும் வேலை முடிந்ததென்று வீடு திரும்பாதீர்கள். 2002 ஆகஸ்ட் 15 அன்று மும்பையில் ஒரு வழக்கறிஞரை, ஏற்கெனவே ரத்தான வாரண்டைக் காட்டிக் கைது செய்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில், ரத்தானது உரியவர்களுக்குப் போய்ச் சேர நீதிமன்றங்களும் காவல்துறையும் எப்படிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று வகுத்துச் சொன்னது. இருந்தாலும் நகலை நீங்களே நிலையத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். இன்னொரு நகல் எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

ஊரில் வழக்கை வைத்துக்கொண்டு தில்லிக்குக் குடிவந்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள்: புது முகவரியை நீதிமன்றத்தில் எழுத்தில் கொடுங்கள். வாரண்ட் என்று காதில் விழுந்தால் அடுத்த ரயிலில் ஏறுங்கள். தானாக வந்து நிற்பவரையும் பிடித்து இழுத்து வரப்பட்டவரையும் எந்த நீதிமன்றமும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.