கண்ணுக்குள் ஒரு வட்டம்



சென்ற வாரம் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. "காசு பார்க்காதீங்கப்பா, லேசரே வச்சுக்கலாம்" என்றான் மகன். டாக்டரிடம் விளக்கம் கேட்டேன்.

கண் லென்ஸின் மேல் மெல்லிய உறை உண்டு. அதன் முன்பக்கத்தைத் திறந்துதான் புரையை எடுப்பார்கள். முன்பு, டின்னைத் திறப்பதுபோல் சுற்றிலும் ஊசியால் குத்தித் திறந்தார்கள். விளிம்பு பிசிறாக இருக்கும். அங்கிருந்து கிழிசல் ஓடிவிடும். 1980களில் கிம்பெல், நியூஹான் என்ற மருத்துவர்கள் தனித்தனியே, ஒரே வட்டமாகக் கிழித்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். சுமார் 5 மில்லிமீட்டர் வட்டம். விளிம்பு எளிதில் கிழியாது. புது லென்ஸும் நகராமல் உட்காரும்.

லேசர் வட்டம் இன்னும் கச்சிதம். ஆனால் பார்வையில் பெரிய வித்தியாசமில்லை என்கின்றன ஆய்வுகள். கையாலேயே செய்யச் சொன்னேன். காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் வட்டம் போட்டவன்தானே நான்!

இன்று பேப்பர் படித்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயந்து தள்ளிப்போட்டால், இதைப் படித்துக் காட்டுங்கள்.