"அது காந்தத்தோட குணம்டா, உட்காரு!"



நேற்று பேரன், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தால் குண்டூசிகளை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். "தாத்தா, தொடவே இல்லையே, எப்படி வருது?" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

முப்பது வருடத்துக்கு முன் ஆறாம் வகுப்பில், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் இதே கேள்வியைக் கேட்டான். "அது காந்தத்தோட குணம்டா, உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் அவன் எழுந்து எதுவும் கேட்டதில்லை. உண்மை என்னவென்றால், எனக்கு விடை தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். இந்தச் சந்தேகம் நியூட்டனுக்கே இருந்திருக்கிறது! சூரியன் பூமியை இழுக்கும் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஆனால், நடுவில் எதுவுமே இல்லாமல் ஒன்று இன்னொன்றை இழுக்கும் என்பதை யோசிக்கத் தெரிந்த யாரும் ஏற்கமாட்டார்கள் என்று 1693-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

வழி காட்டியவர் ஃபாரடே. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். தாளில் இரும்புத்தூள் தூவிக் காந்தத்தைக் கீழே வைத்தால் கோடு கோடாக நிற்குமே, வகுப்பில் செய்தோமே! காந்தத்தைச் சுற்றி ஒரு 'புலம்' இருக்கிறது என்பதற்கு அவர் காட்டிய சாட்சி அந்தக் கோடுகள்தான். மேக்ஸ்வெல் அதைச் சமன்பாடாக்கினார். புலத்தில் ஒவ்வொரு இடமும் பக்கத்து இடத்தை மட்டுமே பாதிக்கும். முதல் பெஞ்சு நோட்டு கைமாறிக் கடைசி பெஞ்சுக்குப் போகிற மாதிரி. அதற்கு நேரமும் ஆகும். ஈர்ப்பு விசைக்கும் அப்படித்தான் என்பது 1915-இல் ஐன்ஸ்டீன் கொள்கையில் தெளிவானது.

கதை அதோடு முடியவில்லை. புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டபோது சில விடைகள் முடிவிலியில் போய் நின்றன. 1949-இல் நோபல் பரிசு பெற்ற ஜப்பானியர் யுகாவா, மறுவருடமே, புலம் ஒரே புள்ளியில் அடங்காமல் சற்றுப் பரவியிருந்தால் என்ன என்று கேட்டு ஆய்வுக் கட்டுரை எழுதினார். 'இடஞ்சாராப் புலக்கொள்கை' என்று சொல்லலாம். அவர் நினைத்தது முழுதாகக் கைகூடவில்லை. ஆனாலும் ஈர்ப்பைக் குவாண்டம் கணக்குக்குள் கொண்டுவரப் பாடுபடுகிறவர்களில் சிலர் இன்றும் அந்த வழியில் தேடுகிறார்கள்.

நான் உட்கார வைத்தது பையனை மட்டும்தான். கேள்வி இன்னும் நின்றுகொண்டே இருக்கிறது.

"தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், வாடா" என்று பேரனைக் கூட்டிப்போய், தெரு மணலில் காந்தத்தைப் புரட்டிக் கருந்தூள் சேர்த்தோம். தாளில் கோடுகள் வந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தம்பி, நீ இதைப் படித்தால் உன் வாத்தியாரை மன்னித்துவிடு. உங்களில் ஆசிரியரானவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: "எனக்கும் தெரியலை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்