நாற்றத்துக்குக் காரணம் சித்தி இல்லை... சிங்க்குக்கு மூச்சு முட்டியது!

வீட்டுக்குள் ஒரு வாடை வந்தால், நம் ஊரில் முதல் கேள்வி அந்த வீட்டுப் பெண்ணிடம்தான் போகும். ``பாத்ரூமைக் கழுவலையா?'', ``சிங்க்கை நல்லா தேய்ச்சு விட்டியா?'' பைப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அது சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரிவது பெண்தான். கீழவைப்பாரில் இருக்கும் என் சித்தி அப்படித்தான் 4 மாதம் பேச்சு வாங்கினார்.

கீழவைப்பார், தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய மீனவர் கிராமம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் துணி துவைப்பது சாதாரண வேலை இல்லை. வள்ளத்திலிருந்து வரும் துணியில் உப்பு, மணல், மீன் செதில் மூன்றும் ஒட்டியிருக்கும். முதலில் அலசி மணலை இறக்க வேண்டும். அப்புறம்தான் சோப்பே. 25 வருடம் அந்தத் துணிகளைக் கல்லில் அடித்த சித்தியின் மணிக்கட்டு, ஒரு கட்டத்தில் வாளியைத் தூக்கவே ஒத்துழைக்கவில்லை.

கப்பல் வேலைக்குப் போன தம்பி, சம்பளத்தைச் சேர்த்து வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தான். முன்பக்கம் கதவு வைத்த மெஷின். பின்கட்டில் தரை போட்டு, துணி அலச ஒரு சிங்க்கும் அதன் பக்கத்தில் மெஷினும் வைத்தார்கள். இரண்டின் தண்ணீரும் ஒரே ஒன்றரை இஞ்ச் பைப்பில் சேர்ந்து, 20 அடி தள்ளியிருக்கும் செப்டிக் டேங்குக்குப் போனது.

பத்தே நாளில் தொந்தரவு ஆரம்பம். மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும்போதெல்லாம் சிங்க் ஓட்டையில் `களக் களக்' என்று நுரை பொங்கும். மெஷின் நின்றதும் அழுகிய முட்டை வாடை அடுப்படி வரை வரும்.

தம்பிக்குப் பெண் பேசி, பெண் வீட்டார் வந்திருந்த அன்றும் அந்த வாடை வந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, வந்தவர்களில் ஒரு அம்மா மெதுவாக, ``பின்னால கொஞ்சம் பினாயில் ஊத்தி விடுங்க'' என்றாராம். சித்தி அதை என்னிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பினாயில் பாட்டில் பாட்டிலாகப் போனது. ஒருநாள் ஆசிட் ஊற்றி, அதுவும் போதாதென்று மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நெஞ்சை அடைத்து, இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடி வந்தவரைப் பக்கத்து வீட்டு மைனிதான் தாங்கிப் பிடித்திருக்கிறார். மறுநாளே மெஷின் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு, மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு கல்லுக்குத் திரும்பிவிட்டார்.

நான் விடுமுறைக்குப் போனபோது, ``ஏட்டி, ஊருல உள்ளதெல்லாம் விசாரிச்சு எழுதுதியே... இதை விசாரிக்க மாட்டியா?'' என்றார். விசாரித்தேன். தூத்துக்குடியில் அடுக்குமாடி வீடுகளுக்கு வேலை செய்யும் ஒரு பிளம்பர் அண்ணன் வந்து பார்த்தார். சிங்க்கை மோந்துகூடப் பார்க்கவில்லை. மெஷினை ஓடவிட்டு, தண்ணீர் வெளியேறும் நேரத்தில் சிங்க் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ``அழுக்கு ஒண்ணும் இல்லக்கா. இந்த லைனுக்குக் காத்து இல்ல'' என்றார்.

வளைந்த பைப்பின் வேலை

சிங்க்குக்குக் கீழே பைப் நேராகப் போகாமல் வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ட்ராப். பாத்ரூம் தரையில் இருப்பது நஹானி ட்ராப். நாம் ஊற்றும் தண்ணீரில் கடைசிக் கொஞ்சம் அந்த வளைவிலேயே தங்கிவிடும். சுமார் 2 இஞ்ச் உயரத்துக்கு நிற்கும் அந்தத் தண்ணீர்தான், செப்டிக் டேங்கின் வாயுவுக்கும் நம் மூக்குக்கும் நடுவே இருக்கும் ஒரே கதவு. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர், வளைந்த பைப் வைத்த கழிவறைக்குக் காப்புரிமை வாங்கினார். 250 வருடங்களாகியும் அதைவிட எளிமையான கதவு வரவில்லை.

அந்தக் கதவைச் சித்தி வீட்டில் திறந்துவிட்டது மெஷின். கையால் ஊற்றும் தண்ணீர், பைப்பின் அடிப்பாகத்தில் ஓடும். அதற்கு மேலே காற்று இருக்கும். மெஷினில் இருக்கும் பம்ப்போ தண்ணீரை வேகமாகத் தள்ளும். ஒன்றரை இஞ்ச் பைப் முழுக்கத் தண்ணீர் அடைத்துக்கொண்டு போகும். முன்னால் இருக்கும் காற்று நசுங்கி, வழி தேடிச் சிங்க் வழியாகக் குமிழி விடும். தண்ணீர் போன பிறகு பின்னால் வெற்றிடம் உண்டாகி, சிங்க் ட்ராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு போய்விடும். கதவு திறந்தது. வாயு உள்ளே வந்தது.

எண்ணெய் டின் கணக்கு

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்தால் எண்ணெய் `களக் களக்' என்று விட்டு விட்டுத்தான் விழும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும். எண்ணெய் வெளியேறும் இடத்துக்குக் காற்று போக வேண்டும். கழிவுநீர்ப் பைப்புக்கும் இதே கணக்குதான். அந்த இரண்டாவது ஓட்டைதான் வென்ட் பைப். ட்ராப்பைத் தாண்டியதும் ஒரு `டீ' போட்டு, அங்கிருந்து நேராக மொட்டைமாடிக்கு மேலே ஏற்றிவிடும் வெறும் காற்றுக் குழாய்.

``செப்டிக் டேங்க் மேலதான் ஏற்கெனவே ஒரு பைப் நிக்குதே?'' என்று கேட்டேன். அது டேங்கில் சேரும் வாயு வெளியேற. 20 அடி தள்ளியிருக்கும் சிங்க்குக்கு, நடுவில் தண்ணீர் அடைத்துக்கொண்டு போகும்போது, அதனால் பயனில்லை.

சித்தப்பாவுக்கு இது உடனே புரிந்தது. அவர் முன்பு சங்குகுளிக்குப் போனவர். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓட, அதிலிருந்து வரும் ட்யூபில் மூச்சு விட்டபடி கடலடியில் சங்கு எடுத்தவர். ``மேல இருந்து வார ட்யூபு மடங்கிட்டுன்னா கீழ கெடக்கவன் என்ன பாடுபடுவான்... அந்தக் கததான இது?'' என்றார்.

ஹாங்காங்கில் நடந்தது

இதை வெறும் வாடைப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. 2003-ல் சார்ஸ் நோய் பரவியபோது, ஹாங்காங்கின் ஆமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஆராய்ந்த சுகாதாரத்துறை, பாத்ரூம் தரை ட்ராப்களைச் சந்தேகித்தது. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்தே வந்ததால் பல வீடுகளில் அவை காய்ந்து கிடந்தன. பாத்ரூம் ஃபேன் போட்டபோது, கழிவுநீர்ப் பைப்பில் இருந்த கிருமி கலந்த துளிகள் அந்த வழியாக வீட்டுக்குள் இழுக்கப்பட்டிருக்கலாம் என்றது அறிக்கை. ட்ராப்பில் ஒரு கை தண்ணீர் இல்லாமல் போனதன் விலை அது.

நாங்கள் செய்தது

ஒன்றரை இஞ்ச் பைப்பை எடுத்துவிட்டு 2 இஞ்ச் போட்டோம். மெஷினுக்கெனத் தனியாக ஒரு நிற்கும் பைப்பும், அதற்குக் கீழே ஒரு ட்ராப்பும் வைத்தோம். இரண்டு ட்ராப்புக்கும் காற்று கிடைக்கிற மாதிரி ஒரு வென்ட் பைப், மாடிக்கு மேலே, கொசு போகாமல் வலை கட்டிய மூடியுடன். சிங்க் ஓட்டையில் செதிலும் மணலும் தங்க ஒரு சல்லடை. ஒரு நாள் வேலை. ஆனால், 4 மாதம் சித்தியைக் கேட்டவர்களில் ஒருவர்கூட, `சித்தியைத் தப்பாச் சொல்லிட்டோமே' என்று வந்து சொல்லவில்லை.

நீங்கள் மெஷின் வைக்கப் போகிறீர்களா?

* மெஷினும் சிங்க்கும் சேரும் பைப் 2 இஞ்சுக்குக் குறையக் கூடாது. 4 அடி நீளத்துக்கு ஒரு இஞ்சாவது சரிவு வேண்டும்.

* `வென்ட் எங்கே ஏறுது?' என்று தரை பூசுவதற்கு முன்பே கேளுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் அது முடியக் கூடாது.

* மெஷின் ஹோஸை நிற்கும் பைப்புக்குள் தளர்வாக விடுங்கள். எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள்.

* பம்ப் உள்ள மெஷினின் ஹோஸைத் தரையில் போட்டால், உள்ளே நிரம்பும் தண்ணீர் தானாகவே வெளியேறிக்கொண்டிருக்கும். மெஷினுடன் வரும் கையேட்டில் சொன்ன உயரத்தில் மாட்டுங்கள்.

* இடம் இருந்தால், துணி துவைத்த தண்ணீரை செப்டிக் டேங்குக்கு விடாமல் தனியாக உறிஞ்சு குழிக்கு விடுங்கள். மெஷின் மொத்தமாகத் தள்ளும் தண்ணீர், டேங்கில் அடியில் படிய வேண்டிய கசடைக் கலக்கி வெளியே தள்ளிவிடும்.

* வெளியூர் போய்த் திரும்பியதும் எல்லா நஹானி ட்ராப்பிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள்.

* ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் சேரக் கூடாது.

போன வாரம் சித்தி போனில் பேசினார். தெருவில் இன்னொரு வீட்டில் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். ``மெஷின் நல்லாத்தான் இருக்கு. காத்துக்கு பைப்பு வைக்காம விட்டுராதீங்கன்னு கொத்தனாருட்டயே சொல்லிட்டு வந்தேன்'' என்றார். பின்னணியில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.