டர்போ வேண்டாம், டயர் போதும்

ஆட்டோகிராஸுக்கு மியாட்டா தயார் பண்றேன்னு சொன்னா, உடனே வரும் கேள்வி: "டர்போ போட்டாச்சா?"

இல்லை சாமி! 1989-ல் மாஸ்டா கொண்டுவந்த முதல் தலைமுறை வண்டி, 1.6 லிட்டர் எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. காலி பார்க்கிங் மைதானத்தில் ஆரஞ்சு கூம்புகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து, ஒரு நிமிஷம் போலத்தான் ஓட்டம். அதில் குதிரைசக்தியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

காசு முதலில் போக வேண்டியது டயருக்கு. அமெரிக்காவின் கார் பந்தய அமைப்பான எஸ்சிசிஏ-வின் ஸ்ட்ரீட் பிரிவில் டயரின் ட்ரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்) 200-க்குக் குறையக்கூடாது. அந்த வரம்புக்குள்ளேயே தரையை விடாமல் பிடிக்கும் டயர்கள் இருக்கின்றன. அப்புறம் ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட். முன்சக்கரத்தின் மேல்பக்கம் சற்று உள்ளே சாய்ந்திருந்தால், வளைவில் வண்டி சாயும்போது டயர் முழு அகலத்துக்கும் தரையில் படியும். காற்றழுத்தம் சரியா என்று பார்க்க, டயரின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு ரொம்பக் கீழே வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை.

ஒரு கூம்பைத் தட்டினால் 2 விநாடி அபராதம். எந்த விலையுயர்ந்த பாகமும் அதை மீட்டுத் தராது.

புதிதாக வருகிறவர்களே, எதையும் வாங்காதீர்கள். பிரேக்கையும் டயர் காற்றையும் சரிபார்த்துவிட்டு, இருக்கிற வண்டியோடு வாருங்கள்.