ரூம்மேட் தேடும் தம்பி, தங்கைகளுக்கு

செப்டம்பர் நெருங்கினால் விம்பிள்டன் கணபதி கோயிலில் புதுமுகங்கள் தென்படத் தொடங்கும். 1981 முதல் எஃப்ரா சாலையில் இருக்கும் பிள்ளையாரிடம் என்ன வேண்டுகிறார்களோ, எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ரூம் ஷேர் பண்ண நம்ம ஆளு யாராவது இருக்காங்களா?"

நம்ம ஆளு என்றால் ஒரே ஊர், ஒரே சாப்பாடு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரே தெருக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குள் பேச்சுவார்த்தையை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். பட்டப்படிப்புக்கு வருபவர்கள் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிநேரம் வேலை பார்க்கலாம். பலருக்குக் கிடைப்பது இரவு ஷிஃப்ட். விடியற்காலையில் வந்து படுப்பவரும், அதே நேரத்துக்கு அலாரம் வைத்துப் படிப்பவரும் ஒரே அறையில் இருந்தால், சாம்பார் ருசி பொருந்தி என்ன பயன்? தூக்கம் பொருந்துமா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது காசு. கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், ஒருவர் வாடகை தராமல் கிளம்பிவிட்டாலும் வீட்டுக்காரர் முழுத்தொகையையும் மற்றவர்களிடம் கேட்கலாம். எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் டாக்ஸ் கிடையாது. மாணவர் அல்லாத, வேலைக்குப் போகும் ஒருவர் சேர்ந்தாலே 25% தள்ளுபடியோடு பில் வந்துவிடும். அதை யார் கட்டுவது என்று குடிபோகும் முன்பே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வையுங்கள். (கூச்சப்படாதீர்கள், மாப்பிள்ளை பார்க்கும்போது கேட்காததா?)

விம்பிள்டன், டூட்டிங் பக்கம் அறை காலியாக வைத்திருப்பவர்கள் இங்கே சொல்லுங்கள். வாடகையோடு ஷிஃப்ட் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.