நான் எவ்வளவுக்குப் போனேன்?

எங்கள் வீட்டில் ‘ஏலம்’ என்பது கெட்ட வார்த்தை. யார் மீதாவது கோபம் வந்தால் பாட்டி, “குடும்ப மானம் ஏலம் போகுது” என்பார். அம்மா அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே மாட்டார். அதற்கான காரணம் எனக்கு இருபது வயதில்தான் தெரிந்தது.

அப்போது கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆலையில் வேலை நின்றுபோன வருடம் அது. பொங்கலுக்குக் கோவில்பட்டி வந்தபோது அம்மாவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. “செயின் எங்கம்மா?” என்றேன். “மெருகு போடக் குடுத்திருக்கேன்” என்றார்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமி படங்களை இறக்கியபோது, ஒன்றின் பின்னால் மடித்து வைத்த செய்தித்தாள் கிடைத்தது. நகை ஏல அறிவிப்பு. பொடி எழுத்தில் கடன் எண்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. என் விடுதிக் கட்டணத்துக்கும் வண்ணங்களுக்கும் வைத்த நான்கு பவுன் அது. ஏலத்தில் கடனையும் வட்டியையும் தாண்டிப் பணம் கிடைத்தால், மீதியை அடகு வைத்தவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அம்மாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் போய்க் கேட்டிருக்க மாட்டார். வெட்கம்.

இத்தனைக்கும் பிறகு நானே ஒருநாள் ஏலம் போட்டேன். இணையத்தில், என் படங்களை.

திருமணமாகி மதுரைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளைத் தூங்க வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, இரவு ஒன்பதரைக்கு மேல் வரைவேன். வீட்டில் அதற்குப் பெயர் ‘பொழுதுபோக்கு’. கண்காட்சியில் வைக்க வேண்டுமென்றால் சட்டகம் போட வேண்டும், சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும், இரண்டு நாளாவது தங்க வேண்டும். பிள்ளையை யார் பார்ப்பது? இணைய ஏலத்துக்கு இது எதுவும் தேவையில்லை. படத்தைப் பகல் வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து, அளவையும் ஆரம்ப விலையையும் எழுதிப் பக்கத்தில் போட்டால் போதும். கருத்துப் பகுதியில் தொகையைக் கேட்பார்கள். மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு எவர் தொகை மேலே நிற்கிறதோ அவருக்குப் படம்.

இந்த வழியைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர் டுவேன் கைசர் என்ற அமெரிக்க ஓவியர். 2004 இறுதியில் நாளுக்கொரு சிறு படம் வரைந்து ‘ஈபே’யில் ஏலம் விடத் தொடங்கினார். கலைக்கூடத்தின் தயவில்லாமல் அஞ்சலட்டை அளவுப் படம் நேராக ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்துப் பலரும் தொடங்கினார்கள். சமையலுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கும் என்னைப் போன்றவளுக்கு இதைவிடப் பொருத்தமான சந்தை ஏது என்று நினைத்தேன்.

என் முதல் ஏலப் படத்தில் அம்மா அரிவாள்மணையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். நீர்வண்ணம், ஏ4 அளவு. ஆரம்ப விலை 1 ரூபாய் என்று போட்டேன்.

ஏன் ஒரு ரூபாய்? குறைவாகத் தொடங்கினால் நிறையப் பேர் கேட்பார்கள், விலை தானாக ஏறும் என்று படித்திருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில்தான் அது நடக்கும். என் பக்கத்தைப் பார்த்தவர்கள் முந்நூறு பேர். அவர்களில் பாதி என் சொந்தக்காரர்கள். இதுகூட முழு உண்மை இல்லை. “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டால் “எது இருக்கோ அது போதும்” என்று சொல்லப் பழக்கப்பட்டவள் நான். என் படத்துக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன்.

படம் 640 ரூபாய்க்குப் போனது. காகிதம், வண்ணம், அட்டை, தபால் எல்லாம் 230 ரூபாய். மீதி 410. வரைந்தது 11 மணி நேரம். மணிக்கு 37 ரூபாய்.

விஷயம் கேள்விப்பட்டு அம்மா போன் செய்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: “என்னைய ஏலம் போட்டியாமே. நான் எவ்வளவுக்குப் போனேன்?”

“மூவாயிரம்மா” என்றேன்.

“பரவாயில்லையே!” என்றார் அம்மா. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் முகத்தை ஏலத்தில் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவும் ஒரு ரூபாயில் தொடங்கி.

நம் பெண்களுக்கு ஏலம் புதிதில்லை. எங்கள் தெருவில் ஏலச்சீட்டு நடக்கும். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. யாருக்கு அவசரமோ அவர் அதிகமாகத் தள்ளி எடுப்பார். மகளின் பிரசவத்துக்கு உடனே பணம் வேண்டும் என்ற அக்கா, 30,000 தள்ளி 70,000 வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். தள்ளிய பணம், கமிஷன் போக, அவசரமில்லாத மற்றவர்களுக்குப் பிரியும். அந்த அக்கா கணக்குத் தெரியாதவர் இல்லை. அவரால் காத்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

என் ஏலமும் அப்படித்தான் நடந்தது. எனக்குப் பணத்துக்கு அவசரமில்லை. ஆனால் ‘யாராவது வாங்கினால் போதும், இது பொழுதுபோக்கு இல்லை என்று நிரூபித்துவிடலாம்’ என்ற அவசரம் இருந்தது. அங்கீகாரத்துக்காக நானும் தள்ளித்தான் எடுத்தேன்.

‘விலையைச் சந்தை தீர்மானிக்கும்’ என்கிறார்கள். 2023 செப்டம்பரில் அம்ரிதா ஷெர்கிலின் ‘தி ஸ்டோரி டெல்லர்’ ஓவியம் தில்லியில் நடந்த ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. அதுவரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. 1937இல் அதை வரைந்தவர், 1941இல் 28 வயதில் இறந்துவிட்டார். அந்தச் செய்தியைப் பார்த்து எல்லோரையும் போல நானும் பெருமைப்பட்டேன். ஆனால் ஏலப் பணம் யாருக்குப் போகும்? படத்தை வைத்திருந்தவருக்கு.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அந்தத் தொகையில் ஓவியருக்கோ அவர் வாரிசுகளுக்கோ பங்கு கேட்கும் உரிமை உண்டு, 10 சதவீதத்துக்கு மிகாமல். பதிப்புரிமை இருக்கும்வரைதான் இது செல்லும். ஓவியர் இறந்து 60 ஆண்டுகளில் அது முடிந்துவிடும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாமாக வரைந்த படத்தை விற்றால் காகிதம்தான் கைமாறுகிறது. எழுத்து மூலம் மாற்றிக் கொடுத்தாலொழிய, அதைப் பிரதி எடுக்கும் உரிமை நம்மிடமே இருக்கும். வாங்கியவர் அதைக் கோப்பையிலும் சேலையிலும் அச்சடித்து விற்க முடியாது. கல்லூரியில் நான்கு ஆண்டுகள் எனக்கு நிழலும் ஒளியும் சொல்லித் தந்தார்கள். இதைச் சொல்லித் தரவில்லை.

அடுத்த முறை கோவில்பட்டிக்குப் போனபோது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “மூவாயிரம் இல்லம்மா. அறுநூத்தி நாப்பது.” அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். “தெரியும். நீ சொன்ன வேகத்துலயே தெரிஞ்சிருச்சு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நானும் ஒனக்கு மெருகு போடக் குடுத்திருக்கேன்னுதான சொன்னேன்” என்றார். அந்தச் செயினைப் பற்றி நாங்கள் பேசியது அதுதான் முதல் முறை.

அன்று அவர் எதிரிலேயே ஒரு படம் தொடங்கினேன். செயின் இல்லாத அந்தக் கழுத்து, மஞ்சள் கயிறு, வியர்வையில் நனைந்த ரவிக்கை விளிம்பு. முடித்ததும் கேட்டேன்: “இதை விக்கட்டுமாம்மா?”

“வித்துக்கோ. ஆனா கொறச்சு வித்துராத.”

மதுரைக்கு வந்து முதல் முறையாகத் தாளில் கணக்குப் போட்டேன். 14 மணி நேரம், மணிக்கு 250 ரூபாய் வீதம் 3,500. காகிதம், வண்ணம், அட்டை, தபால் 300. சரியாக வராமல் கிழித்துப் போட்ட தாள்களுக்கு 200. ஆரம்ப விலை 4,000 ரூபாய். அந்த எண்ணைத் தட்டச்சு செய்தபோது, திருடப் போவதைப் போலக் கை நடுங்கியது.

ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் ஒன்பது மணி வரை கருத்துப் பகுதி காலியாகவே இருந்தது. இணைய ஏலத்தில் தோல்வி ஊரறிய நடக்கும். “கொஞ்சம் கொறச்சுப் போட்டிருக்கலாம்ல” என்றார் கணவர், ஆறுதலாகத்தான். பத்து மணிக்குத் தனிச்செய்தியில் ஒருவர் வந்தார்: “யாரும்தான் வாங்கலையே, 1,500க்குக் குடுங்க.” பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன்: “இல்லை. நன்றி.” இந்த இரண்டு சொற்களுக்கு இருபது நிமிடம் ஆனது.

காலையில் அம்மா போன் செய்தார். “என்னாச்சு, போனேனா?”

“இல்லம்மா. ஒருத்தரும் கேக்கல. ஒரு ஆளு ஆயிரத்தைந்நூறுக்குக் கேட்டாரு. மாட்டேன்னுட்டேன்.”

அம்மா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப என்னைய மீட்டுட்டன்னு சொல்லு” என்றார்.

அந்தப் படம் இப்போது அம்மாவின் வீட்டில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதன் பிறகு ஒன்பது படங்களை ஏலத்தில் வைத்தேன். நான்கு போயின, ஐந்து திரும்பி வந்தன. வந்தவற்றை அட்டைக்குள் வைத்து, ஈரம் படாமல் பீரோவில் நிறுத்தியிருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஒன்றை மறுபடி வைக்கப் போகிறேன். காகித விலை ஏறிவிட்டது. அதனால் ஆரம்ப விலை 4,200 ரூபாய்.