தீவை முழுங்கிய பாலிகன்

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் கல்லணைக்கிட்ட மறுபடி நெருங்கும். நடுவுல ஸ்ரீரங்கம், எங்க திருவானைக்காவல். ப்ராஜெக்டுக்காக ரெண்டு ஆத்தையும் ஒரே பாலிகனா சேர்த்தோம். தீவு அதுக்குள்ள ஒரு ஓட்டை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கோட்டுக்கு 2000 புள்ளிதான் உச்சவரம்பு. அதனால கரை துண்டு துண்டாத்தான் இருக்கும். துண்டுகளைக் கோத்து வெளிவளையம், உள்வளையம்னு சொல்றது ஒரு ரிலேஷன்.

ஸ்க்ரீன்ல அழகா இருந்தது. ஏ1 தாளுக்கு வெட்டும்போது, மென்பொருள் உள்வளையத்துல ஒரு துண்டைத் தாளுக்கு வெளியேன்னு கழிச்சிடுச்சு. வளையம் மூடலைன்னா ஓட்டையே கிடையாது. தீவு முழுக்க நீலம்! ஜம்புகேஸ்வரர் கோயில் பஞ்சபூதத்தில் நீர்த்தலம்தான், அதுக்காக இப்படியா?

சிரிப்பீங்க. ஆனா அது வெள்ள அபாய மேப். 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மதகுகள் அடிச்சிட்டுப் போனதையும், கொள்ளிடம் பழைய பாலம் இடிஞ்சதையும் பார்த்த ஊர் இது. அந்த நீலத்தைக் காட்டினா எங்க பாட்டி மூட்டை கட்டியிருப்பாங்க.

நீங்களும் இப்படிப் பெரிய பாலிகனை பிரிண்ட் எடுக்கணும்னா, முதல்ல வளையங்களை முழுசா மூடுங்க, அப்புறம் கட்டம் கட்டமா வெட்டுங்க. துண்டுகளுக்கு நிறம் மட்டும். கரைக்கோட்டை மூலத்திலிருந்து தனியா வரையுங்க. இல்லன்னா வெட்டின இடமெல்லாம் ஆத்துக்குக் குறுக்கே கோடு விழும். புள்ளிகளையும் குறைங்க. 1:25,000 அளவில் தாளில் 0.1 மிமீ என்பது தரையில் 2.5 மீட்டர், அதைவிடச் சின்ன வளைவு மையில் தெரியாது.

ஏ1-க்கு முன்னாடி ஏ4-ல ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்க. பெரிய கலர் பிரிண்ட் என்ன விலைன்னு தெரியும்ல?